சிசிஎன்ஏ தேர்வுக்கு எந்த நூலை, எந்தக் குறிப்பை நம்பிப் படிப்பது?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி ஆண்டு படிக்கிறீர்கள்; படிப்பு முடிந்த கையோடு கணினிப் பிணையக் (நெட்வொர்க்) கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் தொடக்கநிலைச் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏவை எழுத நினைக்கிறீர்கள். உங்களிடம் இப்போது நான்கு வகையான மெட்டீரியல் சேர்ந்திருக்கிறது: சீனியர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன 200-125 என்ற பழைய தேர்வின் எண்ணை அட்டையில் அச்சிட்ட தடித்த புத்தகம், தஞ்சாவூரில் ஒரு பயிற்சி நிலையம் விற்கும் ஸ்பைரல் பைண்டிங் குறிப்பேடு, யூடியூபில் தொடர்ந்து பார்த்துவரும் தமிழ்க் காணொளிகள், நண்பர் டெலிகிராமில் அனுப்பிய ‘அசல் தேர்வுக் கேள்விகள்’ என்ற பிடிஎஃப். இவற்றில் எதை நம்பலாம், காசு செலவழிப்பதானால் எதற்குச் செலவழிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் படிக்கும் தம்பிக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அவருக்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த நான்கையும் எடைபோட வேண்டுமானால் முதலில் ஐந்தாவதாக ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். அது சிஸ்கோ தன்னுடைய இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கும் தேர்வுப் பாடத்திட்டம். சில பக்கங்களே உள்ள அந்த ஆவணத்தைப் பதிவிறக்கி, திருத்துறைப்பூண்டியிலேயே ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, படிக்கும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பெயர் பெரிதாக இருப்பதோ, பலர் பரிந்துரைப்பதோ, விலை அதிகமாக இருப்பதோ ஒரு நூலின் நம்பகத்தன்மைக்கு அளவுகோல் ஆகாது. இன்றைக்கு நடக்கும் தேர்வின் பாடத்திட்டத்தோடு அது வரிக்கு வரி பொருந்துகிறதா, அதில் சொல்லியிருப்பதை நீங்களே செய்து பார்த்து உறுதிப்படுத்த முடிகிறதா என்ற இரண்டுதான் அளவுகோல். நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

இப்போது நடைமுறையில் உள்ள சிசிஎன்ஏ தேர்வின் எண் 200-301. இது 2020 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இருந்தது 200-125. எண்ணை மாற்றாமலே 2024 ஆகஸ்டில் பாடத்திட்டத்தை 1.1 என்ற பதிப்புக்குத் திருத்தினார்கள். எனவே ஒரு நூலின் அட்டையில் 200-301 என்று இருப்பது மட்டும் போதாது, அது 1.1 பதிப்புக்கு எழுதப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். பாடத்திட்டம் ஆறு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் எடை குறிப்பிட்டிருக்கிறார்கள். பிணைய அடிப்படைகளுக்கு 20 விழுக்காடு, ஸ்விட்ச், விலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனிப் பிணையங்களாகப் பிரிப்பது), வயர்லெஸ் உள்ளிட்ட பிணைய அணுகலுக்கு 20, ரூட்டிங் (பாக்கெட்டுக்குப் பாதை காண்பது) அடங்கிய ஐபி இணைப்புக்கு 25, ஐபி சேவைகளுக்கு 10, பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15, ஆட்டோமேஷனுக்கு 10. பயிற்சி நிலையத்தின் குறிப்பேட்டைக் கையில் எடுத்ததும் அதன் பக்கங்களை இந்த விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிணையத்தின் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ ஏழு அடுக்குகளுக்கு ஐம்பது பக்கமும் பாதுகாப்புக்கு ஐந்து பக்கமும் கொடுத்திருந்தால், எழுதியவர் தனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறாரே ஒழியத் தேர்வுக்குத் தேவையானதை எழுதவில்லை என்று தெரிந்துவிடும்.

பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரியும், எந்தத் தலைப்பு என்பதோடு, அந்தத் தலைப்பில் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதையும் சொல்கிறது. பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதில்லை. ஒரே ஏரியா கொண்ட ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைத் தெரிவித்துக்கொள்ளும் நெறிமுறை) ரூட்டிங்கைப் பற்றிய வரி, அதைக் கட்டமைக்கவும் சரிபார்க்கவும் தெரிய வேண்டும் என்கிறது. மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ரெஸ்ட் ஏபிஐ பற்றிய வரி, அதன் இயல்புகளை விவரிக்கத் தெரிந்தால் போதும் என்கிறது. ஜேசன் என்ற வடிவத்தில் எழுதிய தரவைப் பற்றிய வரி, அதன் உறுப்புகளைப் பார்த்து அடையாளம் காணத் தெரிந்தால் போதும் என்கிறது. எனவே ஓஎஸ்பிஎஃப் பற்றி விளக்கம் மட்டும் கொடுத்துக் கட்டளைகளையும் அவற்றின் வெளியீடுகளையும் காட்டாத நூல் குறையுள்ள நூல்; பைத்தானில் நிரல் எழுதக் கற்றுத்தர நூறு பக்கம் செலவிடும் நூல் நல்ல நூலாகவே இருக்கலாம், ஆனால் இந்தத் தேர்வுக்கு உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். பாடத்திட்டத்தில் உள்ளவை பொதுவான வழிகாட்டுதல்களே, தொடர்புடைய பிற செய்திகளும் கேட்கப்படலாம் என்று சிஸ்கோவே அதில் குறிப்பிட்டிருப்பதால், வரிகளைச் சட்டப்பிரிவுகள் போல எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

சீனியர் கொடுத்த பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சப்நெட்டிங் (ஒரு வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது), டிசிபிக்கும் யுடிபிக்கும் உள்ள வேறுபாடு, விலான், ட்ரங்க், ஸ்பானிங் ட்ரீயின் அடிப்படை, ஸ்டாட்டிக் ரூட்டிங், ஓஎஸ்பிஎஃப், நேட், ஏசிஎல், ஐபிவி6 முகவரிகள் ஆகியவை 2016இல் இருந்தபடியேதான் இன்றும் இருக்கின்றன. நல்ல ஆசிரியர் எழுதிய பழைய நூலில் இவற்றின் விளக்கம் இன்றைய நூல்கள் பலவற்றைவிடத் தெளிவாகக்கூட இருக்கும். அதே புத்தகத்தில் உள்ள இஐஜிஆர்பி, ரிப், சீரியல் இணைப்புகளுக்கான பிபிபி, பிஜிபி அத்தியாயங்களை நீங்கள் தயங்காமல் தாண்டிவிடலாம். அதில் இல்லாதவை, அல்லது பெயரளவில் மட்டும் இருப்பவைதான் ஆபத்தானவை: வயர்லெஸ் கன்ட்ரோலரும் அதன்கீழ் இயங்கும் அக்சஸ் பாயின்ட்களும், டபிள்யூபிஏ3, டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கும் டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷனும், கன்ட்ரோலர் அடிப்படையிலான பிணையங்கள், ஆட்டோமேஷன் முழுவதும். இவற்றுக்கு நீங்கள் வேறு நூலை நாடியே ஆக வேண்டும்.

குறிப்பேடு விற்பவர் ‘லேட்டஸ்ட்’ என்று சொன்னால் அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆட்டோமேஷன் பகுதியைத் திறந்து பாருங்கள். கட்டமைப்பு மேலாண்மைக் கருவிகளாகப் பப்பெட், செஃப், ஆன்சிபிள் என்று மூன்றும் இருந்தால் அது 2020 பாடத்திட்டத்துக்கு எழுதியது. ஆன்சிபிள், டெர்ராஃபார்ம் என்று இருந்தால் 2024 திருத்தத்தைப் பார்த்து எழுதியது. பிணையப் பராமரிப்பில் செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் எப்படிப் பயன்படுகின்றன என்ற பகுதி இருக்கிறதா என்பதும் அதே போன்ற அடையாளம். இஐஜிஆர்பிக்கும் ஃப்ரேம் ரிலேக்கும் அத்தியாயங்கள் ஒதுக்கியிருந்தால், அது 2020க்கு முந்தைய குறிப்பை எடுத்து அட்டையை மட்டும் மாற்றிய சரக்கு. விற்பவரிடம் இதைப் பற்றி வாதாட வேண்டியதில்லை, வாங்காமல் வந்துவிடுங்கள்.

டெலிகிராம் பிடிஎஃப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மற்ற மூன்றையும்விட அதன்மேல்தான் உங்களுக்கு ஆசை அதிகமாகத் தெரிகிறது. மாணவர்கள் ‘டம்ப்’ என்று சொல்லும் இந்தத் தொகுப்புகள், தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்ன கேள்விகளையும், திருட்டுத்தனமாக எடுத்த கேள்விகளையும், பழைய தேர்வுகளில் வந்தவற்றையும் கலந்து தொகுத்தவை. தேர்வைத் தொடங்கும் முன் நீங்கள் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம், கேள்விகளை வெளியிடுவதையும் இப்படிப்பட்ட தொகுப்புகளைப் பயன்படுத்துவதையும் தடைசெய்கிறது. மீறியது தெரிந்தால் மதிப்பெண்ணை ரத்து செய்யவும், கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெறவும், மறுபடி எழுதவிடாமல் தடுக்கவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. மைக்ரோசாஃப்ட், அமேசான், காம்டியா ஆகியவை நடத்தும் சான்றிதழ் தேர்வுகளின் விதிகளும் இதே போக்கில் உள்ளவைதான். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அந்த மூன்று ஆண்டும் ‘எப்போது பிடிபடுவோமோ’ என்று இருக்க வேண்டிய நிலையை முப்பதாயிரம் ரூபாய் தேர்வுக் கட்டணம் கொடுத்து வாங்குவதில் பொருளில்லை.

அறத்தை விட்டுவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் டம்ப் நட்டமே. அதில் உள்ள விடைகள் யார் குறித்தவை என்பது யாருக்கும் தெரியாது. தவறான விடைகள் ஆண்டுக்கணக்கில் ஒரு தொகுப்பிலிருந்து அடுத்த தொகுப்புக்குத் தாவிக்கொண்டே இருக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு ரூட்டரில் 10.1.0.0/16 என்ற பாதை ஸ்டாட்டிக்காக, அதாவது நிர்வாகியின் கையால், எழுதப்பட்டிருக்கிறது, 10.1.1.0/24 என்ற பாதையை அது ஓஎஸ்பிஎஃப் மூலம் கற்றிருக்கிறது. 10.1.1.5 என்ற முகவரிக்குப் போகும் பாக்கெட் எந்தப் பாதையில் போகும்? ‘ஸ்டாட்டிக்கின் நிர்வாகத் தொலைவு 1, ஓஎஸ்பிஎஃபின் தொலைவு 110, எண் குறைந்தது வெல்லும்’ என்று மனப்பாடம் செய்தவர் ஸ்டாட்டிக் என்று குறிப்பார். சரியான விடை ஓஎஸ்பிஎஃப் பாதை. முன்னொட்டு நீளம் (முகவரிக்குப் பின்னால் வரும் /16, /24 போன்ற எண்) அதிகமான பாதையையே ரூட்டர் முதலில் தேர்ந்தெடுக்கும். ஒரே முன்னொட்டுக்கு இரண்டு வழிகளில் பாதை கிடைக்கும்போது எதை அட்டவணையில் வைப்பது என்பதற்குத்தான் நிர்வாகத் தொலைவு பயன்படுகிறது. நல்ல நூல் இந்த இரண்டு படிகளையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கும். டம்ப்பில் ‘சரியான விடை: பி’ என்று மட்டும் இருக்கும். தேர்வில் எண்களைச் சற்று மாற்றிக் கேட்டால் அந்த ‘பி’யால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. சிசிஎன்ஏ தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, ரூட்டரிலும் ஸ்விட்சிலும் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கட்டமைக்க வேண்டிய லேப் கேள்விகளும் வருகின்றன. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போகவும் முடியாது. லினக்ஸ் நிர்வாகிகளுக்கான ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்விலும், குபெர்னெட்டிஸ் நிர்வாகிகளுக்கான சிகேஏ தேர்விலும் விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகளே கிடையாது. முழுக்கக் கையால் செய்து காட்ட வேண்டியவை. அந்தத் தேர்வுகளுக்கும் ‘நூறு விழுக்காடு கேள்வித் தொகுப்பு’ விற்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், அந்த வியாபாரத்தின் யோக்கியதை என்ன என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம். தேர்ச்சிக்கு இத்தனை மதிப்பெண் என்று அடித்துச் சொல்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். சிசிஎன்ஏவுக்கான தேர்ச்சி மதிப்பெண்ணைச் சிஸ்கோ வெளியிடுவதே இல்லை.

அப்படியானால் பயிற்சிக் கேள்விகளே வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். ஆனால் அவை நேர்மையாக உருவாக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். அதற்கான அடையாளம் எளிது. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற விடைகள் ஏன் தவறு என்பதும் எழுதப்பட்டிருக்கும். அது பாடத்திட்டத்தின் எந்த வரியைச் சேர்ந்தது என்ற குறிப்பு இருக்கும். சிஸ்கோ பிரஸ் வெளியிடும் அதிகாரபூர்வ வழிகாட்டி நூல்களோடு, உள்ளே உள்ள குறியீட்டைப் பயன்படுத்தித் திறக்கும் பயிற்சித் தேர்வு மென்பொருளும் கிடைக்கிறது. இரண்டு தொகுதிகளாக வரும் அந்த நூலின் 2024 பதிப்பை வாங்குவதுதான் உங்கள் செலவில் முதன்மையானதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால் பதிப்பையும் அந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டதா என்பதையும் பாருங்கள். ஜெராக்ஸ் பிரதியில் குறியீடே இருக்காது. வெளியீட்டாளரின் தளத்தில் பிழைதிருத்தப் பட்டியல் வெளியிட்டிருப்பதை நான் அந்த நூலுக்குக் குறையாக நினைப்பதில்லை. தன் தவறுகளைத் தேதியிட்டு வெளியிடும் நூலைத்தான் நம்பலாம். வாங்கியவுடன் அந்தத் திருத்தங்களைப் பென்சிலால் உங்கள் பிரதியில் குறித்துவிடுங்கள்.

பயிற்சித் தேர்வை எப்படிப் பயன்படுத்துவது என்பதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. ஒரே தொகுப்பைத் திரும்பத் திரும்ப எழுதினால் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும். ஏறுவது உங்கள் அறிவா, அந்தக் கேள்விகளைப் பற்றிய நினைவா என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும். முதல் முறை எழுதும்போது வரும் மதிப்பெண்தான் உண்மையானது. தவறவிட்ட கேள்விகளைப் பாடத்திட்டத்தின் வரிகளுக்கு எதிரே குறித்துக்கொண்டு, அந்த வரிகளை நூலில் மறுபடி படித்து, லேப்பில் செய்து பார்த்த பிறகே அடுத்த தொகுப்புக்குப் போக வேண்டும்.

லேப் என்றதும் ரூட்டர் வாங்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி, அதில் உள்ள இலவசப் பாடம் ஒன்றில் சேர்ந்தாலே, பிணையங்களைக் கணினித் திரையிலேயே உருவாக்கிப் பார்க்க உதவும் பாக்கெட் ட்ரேசர் மென்பொருளைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அரசு பள்ளியில் கொடுத்த மடிக்கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதிலேயே முயன்று பாருங்கள். மிகுந்த திறனுள்ள கணினி அதற்குத் தேவையில்லை. நூலில் ஓர் அத்தியாயம் முடிந்ததும் நூலை மூடிவிட்டு, நீங்களே ஒரு சூழலை உருவாக்கிக் கட்டமைத்துப் பாருங்கள். கும்பகோணத்தில் 50 கணினிகளும் திருவாரூரில் 25ம் நாகப்பட்டினத்தில் 10ம் உள்ள ஒரு நிறுவனத்துக்கு 192.168.10.0/24 என்ற ஒரே வலையமைப்பைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்துக்கு 192.168.10.0/26, அதில் பயன்படுத்தக்கூடிய முகவரிகள் 62, திருவாரூருக்கு 192.168.10.64/27, அதில் 30, நாகைக்கு 192.168.10.96/28, அதில் 14. இதைத் தாளில் போட்டு, மூன்று ரூட்டர்களை இழுத்து வைத்து, ஓஎஸ்பிஎஃபை ஓடவிட்டு, நாகையிலிருந்து கும்பகோணத்துக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் ஏன் என்று தேடும் அரைமணி நேரத்தில் கற்பது, காணொளியில் ஒருவர் சரியாகச் செய்து காட்டுவதைப் பார்ப்பதில் கிடைக்காது. உங்கள் நூலில் இதைக் கண்டுபிடிக்கத் தேவையான, ரூட்டரின் நிலையைக் காட்டும் ஷோ கட்டளைகள் விளக்கத்தோடு இருக்கின்றனவா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பாக்கெட் ட்ரேசர் உண்மையான கருவிகளின் எல்லாக் கட்டளைகளையும் ஏற்காது. நூலில் உள்ள ஒரு கட்டளை அதில் வேலை செய்யவில்லை என்பதாலேயே நூல் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். சிஸ்கோவின் கட்டளைக் கையேடுகள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன, அவற்றில் தேடுங்கள். நெறிமுறைகளைப் பற்றி இரண்டு நூல்கள் இரண்டு விதமாகச் சொன்னால் நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களைப் பாருங்கள். தனியார் முகவரிகளுக்கு 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918, ஓஎஸ்பிஎஃபுக்கு 1998இல் வந்த ஆர்எஃப்சி 2328. இவற்றை முழுதாகப் படிக்கச் சொல்லவில்லை; ஐயம் வரும் பத்தியை மட்டும் போய்ப் பார்க்கும் பழக்கம் போதும்.

இப்போது பலர் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்லிப் படிக்கிறார்கள். விளக்கம் கேட்பதற்கும், உங்கள் விடையில் எங்கே பிசகு என்று விவாதிப்பதற்கும் அவை உதவும். ஆனால் இல்லாத கட்டளையை இருப்பது போலவும், தவறான சப்நெட் கணக்கைச் சரியானது போலவும் அதே உறுதியோடு சொல்லிவிடும். அதனால் அவற்றின் விடையை லேப்பில் ஓட்டிப் பார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள்.

தமிழ்க் காணொளிகளைப் பற்றி என் கருத்து சற்றுப் பிடிவாதமானது. ஆங்கில நூலின் ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தும் பிடிபடாத ஸ்பானிங் ட்ரீ, தமிழில் ஒருவர் படம் போட்டுச் சொன்னதும் பிடிபட்டுவிடும் என்பது உண்மை. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும், கேள்விகளும் வளைத்து எழுதப்பட்டிருக்கும். எனவே ஒரு தலைப்பைத் தமிழில் புரிந்துகொண்ட அன்றே, அதே தலைப்பை ஆங்கில நூலில் படித்து, உங்கள் சொற்களில் ஆங்கிலத்திலேயே ஐந்தாறு வரி எழுதிப் பாருங்கள். காணொளித் தொடர் எப்போது பதிவேற்றப்பட்டது, 1.1 பதிப்புக்குரிய பகுதிகள் பின்னால் சேர்க்கப்பட்டனவா என்பதையும் பாருங்கள். என்பிடெலின் விரிவுரைகள் வேறு வகை: ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கணினிப் பிணையங்கள் பற்றிய பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை சிசிஎன்ஏ பாடத்திட்டத்தைப் பின்பற்றுபவை அல்ல. ஆனால் டிசிபி ஏன் அப்படி நடந்துகொள்கிறது போன்ற கேள்விகளுக்கு அங்கே கிடைக்கும் விடை எந்தத் தேர்வு வழிகாட்டியிலும் கிடைக்காது.

ஒரு சிறு செய்தி: பின்னாளில் அமேசானின் ஏடபிள்யூஎஸ் தேர்வுகளை எழுதுவதானால், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது 30 நிமிடம் கூடுதல் நேரம் கேட்டுப் பெறலாம். தேர்வுக்குப் பதிவுசெய்யும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நம் பக்கத்து மாணவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. அந்தத் தேர்வுகளுக்கும் முதல் நூல் நிறுவனத்தின் இலவசத் தேர்வு வழிகாட்டிதான். மைக்ரோசாஃப்ட் தேர்வுகளுக்கு மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்திலேயே பாடமும் பயிற்சித் தேர்வும் இலவசமாக இருக்கின்றன. வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை மிகக் குறைவு.

பயிற்சி நிலையத்தில் சேருவதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். வீட்டில் தனியாகப் படித்தால் ஒழுங்கு வராது என்பவர்களுக்கு அது பயன்படும். சேருமுன் சில விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். பாடம் நடத்துபவர் தாமே சிசிஎன்ஏ சான்றிதழ் பெற்றவரா? பெற்றவரானால் அவருடைய டிஜிட்டல் பேட்ஜின் இணைப்பைத் தரச் சொல்லுங்கள். சிஸ்கோவின் பேட்ஜ்களைக் கிரெட்லி தளத்தில் யாரும் சரிபார்க்கலாம், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்பதும் அங்கே தெரியும். முடிவில் கிடைப்பது சிஸ்கோவின் சான்றிதழா, நிலையம் தானே அச்சடித்துத் தரும் ‘சிசிஎன்ஏ பயிற்சி முடித்தார்’ என்ற தாளா? இரண்டாவதுக்கு நேர்முகத் தேர்வில் மதிப்பில்லை. தேர்வுக் கட்டணமான 300 டாலர் அவர்கள் சொல்லும் தொகையில் அடக்கமா? வரியோடு சேர்த்தால் அது ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய் ஆகிறது என்பதால் இந்தக் கேள்வியை எழுத்திலேயே கேளுங்கள். ‘தேர்ச்சிக்கு உத்தரவாதம்’ என்று பலகை வைத்திருந்தால் உள்ளே போகவே வேண்டாம். அந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் இருப்பது டம்ப், அல்லது அதைவிட மோசமான ஆள்மாறாட்டம். இவற்றுக்கெல்லாம் முன்பு, 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின்கீழ் உங்கள் கல்லூரிக்கு எந்தெந்தப் பாடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று துறைத்தலைவரிடம் கேட்டுவிடுங்கள். காசில்லாமல் கிடைப்பதைத் தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் மாணவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நம் பகுதிக்கே உரிய ஒரு நடைமுறை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மின்சாரமும் இணையமும் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2018 கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் இருந்த ஊர்களில் உங்கள் ஊரும் ஒன்று. எனவே இணையம் இருந்தால் மட்டுமே திறக்கும் மெட்டீரியலை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அச்சு நூல், பதிவிறக்கிய பாடத்திட்டம், மடிக்கணினியில் நிறுவிய பாக்கெட் ட்ரேசர், சேமித்து வைத்த லேப் கோப்புகள் ஆகியவை அந்த இரண்டு மாதங்களிலும் உங்களைக் கைவிடாது. தேர்வை வீட்டிலிருந்தே எழுதும் வசதி இருந்தாலும், நடுவில் இணைப்பு அறுந்தால் வரும் சிக்கலை நினைத்துப் பார்த்தால் திருச்சியிலோ சென்னையிலோ ஒரு மையத்துக்குப் போய் எழுதுவதே மேல். சம்பா அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையப் பணம் வீட்டுக்கு வரும் மாசி, பங்குனியில் தேதி குறித்தால் கட்டணத்துக்கும் தொல்லையில்லை, மழையும் இருக்காது, உங்கள் பருவத் தேர்வோடும் மோதாது. ஒருவேளை தேர்ச்சி கிடைக்காவிட்டால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்கிறது விதி. ஆனால் கட்டணம் முழுதாக மறுபடி கட்ட வேண்டும், எனவே மதிப்பெண் அறிக்கையில் எந்தப் பகுதி குறைந்திருக்கிறது என்று பார்த்துத் தேவையான மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் விஷயம் இதைவிட எளிது. ஐடிஐ தேர்வுக்கான பாடத்திட்டத்தை வகுப்பது மத்திய அரசின் பயிற்சித் துறை தலைமை இயக்ககம். அதற்கான நூல்களைத் தயாரிப்பது சென்னை கிண்டியில் உள்ள நிமி என்ற தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம். எலக்ட்ரீஷியன் பிரிவுக்குத் தொழிற்கல்விக் கோட்பாடு, செய்முறை இரண்டுக்கும் அவர்கள் வெளியிட்ட நூல்கள் தமிழிலும் உண்டு; பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் பாடத்திட்டமும் கேள்வி வங்கியும் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் கேள்வி வங்கி அதிகாரபூர்வமானது என்பதால் டம்ப்புக்குச் சொன்ன எச்சரிக்கை அதற்குப் பொருந்தாது. கடைகளில் தொங்கும் கைடுகளை வாங்கியே ஆக வேண்டும் என்று அவர் நினைத்தால், கைடில் உள்ள பத்துக் கேள்விகளை நிமி நூலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த்திங், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் ஆகிய இரண்டு பாடங்களிலிருந்து எடுத்தால் போதும், கைடு எழுதியவர் செய்முறை அறிந்தவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.